கரும்புச் சக்கையும் அம்மாவின் தொடர்கதைகளும்

உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கம் பக்கத்துல சாயங்காலம் நிக்கிற கரும்புச்சாறு வண்டியில போன மாசம் ஒரு நாள் நின்னுட்டிருந்தேன். வண்டிக்குப் பின்னாடி சக்கை மலையாட்டம் குவிஞ்சு கிடந்தது. வண்டிக்கார அண்ணன் திடீர்னு கேட்டார்: "இதுலதான் பேப்பர் பண்றாங்களாமே, நெசமா சார்?" "ஆமாண்ணே, கரூர் பக்கம் பெரிய ஃபேக்டரியே இருக்கு"ன்னு சொன்னேன். அடுத்த கேள்விக்குத்தான் பதில் இல்ல. "அப்புறம் ஏன் இத யாரும் வந்து வாங்கிட்டுப் போறதில்ல? நான் காசு குடுத்து அள்ளச் சொல்றேனே!"

நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் தேடப் போய்தான் இந்தப் பதிவு. கூடவே வீட்டில் நடந்துகொண்டிருந்த இன்னொரு விஷயமும் இதில் வந்து சேர்ந்துகொண்டது.

எங்கள் வீட்டுப் பரண் டிரங்குப் பெட்டியில் இரண்டு வகைக் காகிதங்கள் உண்டு. ஒன்று, கொள்ளுத்தாத்தா காலத்து நொத்தேர் பத்திரம். 1894ஆம் வருஷத்தது, பிரெஞ்சுக் கையெழுத்து, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே நீர்க்குறி தெரியும். மடிப்பில் கொஞ்சம் அழுக்கு, ஓரத்தில் பூச்சி அரித்த இரண்டு ஓட்டை. மற்றபடி துணி மாதிரி மடங்குகிறது, விரித்தால் விரிகிறது. இரண்டாவது, அம்மா கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்ட் பண்ணி வைத்த தொடர்கதைகள். எல்லாம் 1960கள், 70கள். மொத்தம் பதினோரு தொகுதி. அம்மாவுக்கு இப்போது 78 வயது. கண் ஆபரேஷன் முடிந்ததும் "அதெல்லாம் எடுத்துக் குடுடா, இன்னொரு தரம் படிச்சிடறேன்" என்றார். எடுத்துக் கொடுத்தேன். பக்கத்தைத் திருப்பத் திருப்ப, அது அப்பளம் போல ஓரம் உடைந்து மடியில் விழுந்தது. மூன்றாம் அத்தியாயம் படித்து முடித்தபோது அம்மா புடவையில் பழுப்புத் தூள். படிப்பதை நிறுத்திவிட்டார். "படிச்சா போயிடும் போலிருக்கு. இருக்கட்டும், மூடி வை."

நூற்று முப்பது வருஷத்துத் தாள் நன்றாக இருக்கிறது. ஐம்பது வருஷத்துத் தாள் செத்துப்போகிறது. ஏன்?

பழைய பத்திரத்தின் தாள் கந்தல் துணியிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் அப்படித்தான். பழைய பருத்தி, லினன் துணிகளை ஊறப்போட்டு, இடித்துக் கூழாக்கி, சல்லடையில் அள்ளி எடுப்பார்கள். பருத்தி கிட்டத்தட்ட சுத்தமான செல்லுலோஸ். இழையும் நீளம், இரண்டு சென்டிமீட்டருக்கு மேலே போகும். இடிக்கும்போது அறுபட்டாலும், ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள மிச்சம் இருக்கும். சிக்கல் என்னவென்றால் படிக்கிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள், கந்தல் அந்த வேகத்தில் கூடவில்லை. குளவி மரத்தை மென்று காகிதம் மாதிரி கூடு கட்டுகிறதே, நாமும் மரத்தில் பண்ணலாமே என்று பிரான்சில் ரேமூர் 1719லேயே சொல்லிவிட்டார். ஜெர்மனியில் கெல்லர் என்ற நெசவாளி 1844 வாக்கில் மரத்தைச் சாணைக்கல்லில் அரைத்துக் கூழ் எடுத்துக் காட்டிய பிறகுதான் அது நடைமுறைக்கு வந்தது.

மரத்தில் செல்லுலோஸ் மட்டும் இல்லை. அதை ஒட்டவைத்துக் கெட்டியாக்கும் லிக்னின் என்ற பசையும் இருக்கிறது. அரைத்த கூழில் லிக்னின் அப்படியே தங்கிவிடும். வெயிலும் காற்றும் பட்டால் தாளைப் பழுப்பாக்குவது அதுதான். நேற்றைய செய்தித்தாளை மொட்டை மாடியில் இரண்டு நாள் போட்டுப் பாருங்கள், தெரியும்.

ஆனால் தாளை உடைய வைப்பதில் பெரிய குற்றவாளி வேறொன்று: படிகாரம். தாளில் மை ஊறிப் பரவாமலிருக்க ஏதாவது பூச வேண்டும். முன்னெல்லாம் மாட்டுத்தோல், எலும்பிலிருந்து எடுத்த பசையில் முக்குவார்கள். 1807இல் ஜெர்மனியின் இல்லிக் ஒரு மலிவான வழியைச் சொன்னார்: பைன் மரப் பிசினையும் படிகாரத்தையும் கூழிலேயே கலந்துவிடுவது. வேலை சுலபம், செலவு குறைவு, உலகம் முழுக்கப் பரவியது. படிகாரம் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். அந்த அமிலம் செல்லுலோஸின் நீளச் சங்கிலியை வருஷக்கணக்கில் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே இருக்கும். வெயில் படாமல் பெட்டியில் மூடி வைத்தாலும் வெட்டும். கடலோர ஊரின் புழுக்கத்தில் இன்னும் வேகமாக வெட்டும். அம்மாவின் மடியில் விழுந்த தூள் அதுதான்.

இதைக் கண்டுபிடித்துச் சொல்ல நூற்றைம்பது வருஷம் ஆனது. அமெரிக்காவில் வர்ஜீனியாவைச் சேர்ந்த வில்லியம் பாரோ என்ற ஆவணப் பழுதுபார்ப்பாளர், 1900க்கும் 1949க்கும் நடுவே அச்சான ஐந்நூறு புத்தகங்களின் தாளை எடுத்து, எத்தனை மடிப்பு தாங்குகிறது, எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று சோதித்து 1959இல் அறிக்கை வெளியிட்டார். பெரும்பாலானவை இன்னும் ஐம்பது வருஷம் தாங்காது என்பது முடிவு. இதில் எனக்குப் பிடித்தது, பாரோ பட்டம் பெற்ற வேதியியல் அறிஞர் இல்லை. பழைய ஆவணங்களைக் கையால் ஒட்டி ஒட்டி, எது ஏன் உடைகிறது என்ற சந்தேகத்திலிருந்து ஆராய்ச்சிக்கு வந்தவர்.

சரி, நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் பைன், ஸ்ப்ரூஸ் காடுகள் இருந்தன. இழை மூன்று மில்லிமீட்டர் நீளம், தாளுக்கு வாகானது. இந்தியாவில் அது இமயமலைச் சரிவில்தான் உண்டு, அங்கிருந்து இறக்கிக் கொண்டுவருவது கட்டாது. அதனால் மூங்கில் பக்கம் பார்வை திரும்பியது. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்துக்காக வில்லியம் ரெய்ட் பல வருஷம் மூங்கிலை வேகவைத்து வேகவைத்துப் பார்த்தார். மூங்கிலில் லிக்னினுக்கு முன்னால் மாவுச்சத்தும் பெக்டினும் வழிமறிக்கின்றன; எல்லாவற்றையும் ஒரே கடுங்காரத்தில் வேகவைத்தால் இழையும் சேர்ந்து கெடுகிறது; ஆகவே முதலில் மெல்லிய காரத்தில் குறைந்த சூட்டில், பிறகு கடுமையான காரத்தில் என இரண்டு தவணையாக வேகவைக்க வேண்டும் என்பது அவர் கண்டது. சோறு வடிக்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இது ஒன்றும் அதிசயமாகத் தெரியாது. ஆனால் இந்தியக் காகிதத் தொழில் கால் ஊன்றியதில் இந்த வேலைக்குப் பெரிய பங்கு உண்டு. 1925இல் மூங்கில் காகிதத் தொழிலுக்குப் பாதுகாப்புச் சட்டமே வந்தது.

மூங்கிலும் எத்தனை நாளைக்கு? ஆலைகள் பெருகப் பெருகக் காடு சுருங்கியது. செய்தித்தாள் காகிதம் இன்னும் மோசம். மத்தியப் பிரதேசத்தின் நேபாநகர் ஆலை 1955 வாக்கில் உற்பத்தி தொடங்கியது. கால் நூற்றாண்டு காலம் உள்நாட்டில் செய்தித்தாள் காகிதம் பண்ணிய ஒரே ஆலை அதுதான். மிச்சமெல்லாம் கப்பலில் வர வேண்டும், அன்னியச் செலாவணி வேண்டும். அதனால் 1962இல் கட்டுப்பாட்டு ஆணை. 1972-73இல் ஒரு நாளிதழ் பத்துப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்றே அரசு சொன்னது. பென்னட் கோல்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே 1972இல் அதை ரத்து செய்தது. காகிதப் பஞ்சம் பேச்சுச் சுதந்திர வழக்காக மாறிய கதை சட்ட மாணவர்களுக்குத் தெரியும். அம்மாவின் தொடர்கதைகள் அச்சானதும் இந்தக் காலத்தில்தான்.

இந்தப் பின்னணியில்தான் தமிழ்நாடு அரசு 1979இல் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தைத் தொடங்கியது. கரூர் பக்கம் புகளூரில், காவிரிக் கரையில். ஊருக்கே காகிதபுரம் என்று பெயர். மூலப்பொருள் மரமில்லை, கரும்புச் சக்கை. உலக வங்கிக் கடனும் வந்தது. 1980களின் நடுவில் உற்பத்தி தொடங்கியபோது வருஷத்துக்கு 90,000 டன் திறன். 1996இல் அது இரண்டு மடங்கானது.

சக்கையில் காகிதம் பண்ணலாம் என்பது புதுசு இல்லை. பெருவில் பாரமொங்கா என்ற இடத்தில் 1939லேயே பண்ணினார்கள். ஆனால் சக்கையை முக்கியப் பொருளாக வைத்து, வேகமாக ஓடும் அச்சு இயந்திரத்தில் அறுந்துபோகாத செய்தித்தாளைப் பெரிய அளவில் கொண்டுவருவது வேறு விஷயம். பல நாடுகள் முயன்று கையைச் சுட்டுக்கொண்டிருந்தன. வண்டிக்கார அண்ணனுக்குச் சொல்ல வேண்டிய பதில் முழுக்க இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

முதல் பிரச்சினை சோறு. கரும்புத் தண்டை உரித்துப் பார்த்தால் வெளியே நார், உள்ளே பஞ்சு மாதிரி சதை. அதைச் சோறு என்கிறோம். உலர்ந்த சக்கையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இந்தச் சோறுதான். இதில் இழை கிடையாது, வெறும் பைகள். கூழில் இருந்தால் ரசாயனத்தையெல்லாம் குடித்துவிடும். தாளில் புள்ளி புள்ளியாகத் தெரியும். சல்லடையிலிருந்து தண்ணீரை வடியவிடாது. ஆகவே சுத்தியல் சுழலும் இயந்திரத்தில் போட்டு நாரையும் சோற்றையும் பிரிக்க வேண்டும். பிரித்த சோற்றை ஆலைக் கொதிகலனில் எரிக்கிறார்கள்.

இரண்டாவது, சேமிப்பு. கரும்பு அரைப்பது வருஷத்தில் சில மாதங்கள்தான், காகித ஆலையோ வருஷம் பூரா ஓட வேண்டும். சக்கையில் பாதி தண்ணீர், மிச்சத்தில் கொஞ்சம் சர்க்கரை. குவித்து வைத்தால் புளிக்கும், அழுகும், சூடேறித் தீப்பிடிக்கும். கட்டுக் கட்டாகக் காய வைத்தால் பூஞ்சைத் தூசி கிளம்பி வேலையாட்கள் நுரையீரலைப் பிடிக்கும். அந்த நோய்க்கு சக்கையின் பெயரையே வைத்து பகாசோசிஸ் என்கிறார்கள். இதற்குத் தென்னாப்பிரிக்காவில் ரிட்டர் என்பவர் பெயரால் ஒரு முறை வந்தது. சக்கையை நீரில் கரைத்துக் குழாய் வழியே அடித்து, கான்கிரீட் தளத்தில் பெரிய மேடாகக் குவித்து, எப்போதும் ஈரமாகவே வைத்திருப்பது. உள்ளே காற்று இருக்காது. மிச்சச் சர்க்கரையை நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலமாக்கும். அந்த அமிலமே மேற்கொண்டு அழுகலைத் தடுக்கும். ஊறுகாய் போட்டு வைக்கிற மாதிரிதான். புகளூரிலும் இந்த ஈரக்குவிப்புதான்.

மூன்றாவது, சக்கை சும்மா கிடைக்கிற பொருள் இல்லை. சர்க்கரை ஆலைக்கு அதுதான் அடுப்பு விறகு. அதை வாங்கிவிட்டால் ஆலை எதை எரிக்கும்? அதனால் சக்கைக்குப் பதில் நிலக்கரி என்று ஒரு பண்டமாற்று வைத்தார்கள். காகித நிறுவனமே சர்க்கரை ஆலைகளில் நிலக்கரிக் கொதிகலன் போட்டுக் கொடுத்தது. பள்ளிப்பாளையம் சேஷசாயி காகித ஆலையும், பக்கத்திலேயே பொன்னி சர்க்கரை ஆலை வர வழிசெய்து இதே மாதிரி நீராவிக்குச் சக்கை வாங்கியது. "மரம் வெட்டாத காகிதம்" என்று சொல்லும்போது அந்த இடத்தில் நிலக்கரி எரிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை என்று எனக்குப் படுகிறது. காட்டைக் காப்பாற்றியது உண்மை. கணக்கு அதோடு முடியவில்லை.

நான்காவது, இழை குட்டை. சக்கை நார் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஈரத்தாளாக இயந்திரத்தில் ஓடும்போது அறுந்துவிடும். செய்தித்தாளுக்குச் சக்கையை அரைத்தெடுத்த இயந்திரக்கூழ், வேகவைத்தெடுத்த வேதிக்கூழ், கொஞ்சம் யூகலிப்டஸ் கூழ் என்று கலந்து பார்த்து விகிதம் பிடித்தார்கள். அரைத்த கூழ் தாளுக்கு ஒளிபுகாத தன்மையைக் கொடுக்கும், அதாவது பின்பக்க எழுத்து முன்னால் தெரியாது. வேதிக்கூழ் வலு கொடுக்கும். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். காகித ஆராய்ச்சி என்றால் பெரும்பாலும் இந்த இழுபறிதான்.

ஐந்தாவது சிலிக்கா. புல் குடும்பத்துக்கே உடம்பில் மணல் உண்டு. வேகவைத்த பின் மிஞ்சும் கருப்பு நீரைக் காய்ச்சி, எரித்து, காரத்தை மீட்டெடுத்தால்தான் ஆலைக்குக் கட்டுபடியாகும். மீட்காமல் ஆற்றில் விட்டால் ஆறு செத்துப்போகும். சிலிக்கா இருந்தால் அந்த நீர் கெட்டியாகி, குழாய்க்குள் உப்புப் படிகிற மாதிரி படிந்துவிடும். வைக்கோலோடு ஒப்பிட்டால் சக்கையில் சிலிக்கா கம்மி. சோற்றையும் மண்ணையும் நன்றாகக் கழுவினால் இன்னும் குறையும். அதனால்தான் வைக்கோல் கூழ் தோற்ற இடத்தில் சக்கை ஜெயித்தது.

கழுவின தண்ணீர்? அதில் கரிமக் கழிவு ஏராளம். அதைக் காற்றில்லாத் தொட்டியில் நொதிக்கவிட்டு எரிவாயு எடுத்து, சுண்ணாம்புச் சூளையில் எண்ணெய்க்குப் பதிலாக எரிக்கிறார்கள். சுண்ணாம்புக் கசடும் சாம்பலும் சிமெண்ட் ஆகின்றன. சுத்திகரித்த நீரைச் சுற்றுப்புற விவசாயிகள் சங்கம் வைத்து ஏற்றி வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள். அந்த மண்ணில் உப்பு சேர்வது பற்றிய ஆய்வுகளும் கவலைகளும் உண்டு. உப்பளத்தில் வீடு வைத்துக்கொண்டு உப்பு ஏறின மண்ணைப் பற்றி நான் லேசாகப் பேச முடியாது. எங்கள் தெருவில் முருங்கை வருகிறது, தென்னை வருகிறது, வேறு எதை வைத்தாலும் யோசித்துத்தான் வரும்.

இப்போது அந்த ஆலையில் எழுதவும் அச்சடிக்கவுமான தாள்தான் முக்கியம். நம் பள்ளிப் பாடப்புத்தகத் தாளும் அங்கிருந்து வருகிறது. ஆக, ஒரு தலைமுறையே சக்கையில் படித்திருக்கிறது.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். இல்லிக்கின் படிகார முறைக்கு மாற்று 1950களிலேயே வந்துவிட்டது. அமிலமில்லாத சூழலில் மையைத் தடுக்கும் செயற்கைப் பசைகள். அமிலம் இல்லை என்றால் வெள்ளை நிரப்பியாகச் சுண்ணாம்புத் தூளைச் சேர்க்கலாம், அது பின்னால் வரும் அமிலத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். ஆலைகள் மாறியதற்குக் காரணம் நூலகர்களின் கண்ணீர் இல்லை. சுண்ணாம்பு கூழை விட மலிவு. இந்தியாவில் இது பரவலானது பெரும்பாலும் 1990களுக்குப் பிறகு. வீட்டிலேயே சோதிக்கலாம். ஜெராக்ஸ் தாளில் கழிவறை ஆசிட் ஒரு சொட்டு விட்டு லென்ஸ் வழியாகப் பார்த்தேன், பொடிக் குமிழ்கள் வந்தன. அம்மாவின் தொகுதியிலிருந்து உதிர்ந்த துணுக்கில் ஒன்றுமே வரவில்லை. அதற்குள் சுண்ணாம்பு இல்லை.

புதுச்சேரியிலேயே 1959இலிருந்து ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதப் பட்டறை நடக்கிறது. பனியன் வெட்டுத்துணி மாதிரியான பருத்திக் கழிவுதான் அங்கே மூலப்பொருள். லிக்னின் கிடையாது, இழை நீளம். ஒரு வகையில் அது என் கொள்ளுத்தாத்தா பத்திரத்தின் பங்காளி. அந்தத் தாளில் சிலதை வாங்கிவந்து பத்திரத்துக்கு உறை பண்ணினேன்.

தொடர்கதைகளுக்கு அப்படி எதுவும் செய்ய முடியவில்லை. ஏற்கெனவே மாமா ஒருவர் நல்லெண்ணத்தில் இரண்டு அத்தியாயங்களை ஒரு கடையில் கொடுத்து லேமினேட் பண்ணிக்கொண்டு வந்திருந்தார். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்குக்குள் அமிலம் அப்படியே இருக்கிறது, தாள் உள்ளேயே பழுத்துக்கொண்டிருக்கிறது, பிரிக்கவும் வழியில்லை. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். அமிலத்தை நீக்கும் சுண்ணாம்புக் குளியல் உண்டு, ஆனால் அது உடைந்த சங்கிலியை ஒட்டவைக்காது, இனிமேல் உடைவதைத்தான் தாமதப்படுத்தும். இவ்வளவு நொறுங்கின தாளைத் தண்ணீரில் போட எனக்குத் தைரியம் வரவில்லை.

கடைசியில், பைண்டிங்கைப் பிரித்து ஒவ்வொரு பக்கமாக மேலிருந்து கேமராவில் படம் எடுத்தேன். ஒரு தொகுதிக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை. இதுவரை நான்கு முடிந்திருக்கின்றன. அதைப் பெரிய எழுத்தில் ஜெராக்ஸ் தாளில் அச்சடித்து அம்மாவிடம் கொடுத்தேன். தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல அந்த வாசனை இல்ல"ன்னார். ஆனா ராத்திரி பதினொரு மணி வரைக்கும் விளக்கு எரிஞ்சது.

வண்டிக்கார அண்ணனுக்குப் பதில் சொன்னேன். ஒரு டன் தாளுக்கு ஈரச்சக்கை ஐந்தாறு டன் வேணும், உங்க ஒரு நாள் குவியல் லாரி டீசலுக்கே பத்தாது, அதோட பாதி தண்ணியைத்தான் சுமந்துட்டுப் போகணும்னேன். கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். "அப்ப ஊரு பூரா வண்டியையும் சேர்த்தா?"ன்னார். புதுச்சேரியில எத்தனை கரும்புச்சாறு வண்டி இருக்குன்னு இப்ப எண்ணிக்கிட்டிருக்கேன்.